மூன்று நாளும் முக்கால் நொடியும்

குரோம்பேட்டை எம்.ஐ.டி., சி. ராஜம் 1949இல் தொடங்கிய கல்லூரி. 1950களில் அங்கே படித்த அப்துல் கலாமும் நண்பர்களும் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனதில் பேராசிரியர் சீனிவாசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். கலாம் கேட்டது ஒரு மாதம். கிடைத்தது மூன்று நாள். இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரைபலகையே கதியென்று கிடந்தார்.

அந்தக் காலத்து வரைபலகையில் இறக்கையைக் கொஞ்சம் நீட்டினால் எடை மாறும். எடை மாறினால் ஸ்லைடு ரூலை நகர்த்தி மறுபடி கணக்குப் போட வேண்டும். கோட்டை அழித்துத் திரும்ப இழுக்க வேண்டும். ஒரு தப்புக்குப் பாதி ராத்திரி போய்விடும். அதனால் பென்சிலைத் தாளில் வைக்கும் முன்பே யோசித்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

அதே வளாகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் உழைத்த 40 கிலோ அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ஏறிப் போனது. ஓர் ஊருக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் செய்தியை வாங்கி வைத்து, இன்னோர் ஊருக்கு மேல் வரும்போது கொடுக்கும் தபால்காரர் வேலை அதற்கு. மேலே போன பிறகு ஸ்க்ரூடிரைவரோடு யாரும் ஏறிப் போக முடியாது; அங்கேயும் முன்பே யோசித்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

அண்மையில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் ப்ராஜெக்ட் அறைக்குப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டியின் வெப்பத்தை அளக்கும் கருவி. பேட்டரி மிச்சமாகட்டும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சென்சாருக்கு மின்சாரம் போகும்.

"ஃபேன் காத்துலதான் வச்சிருக்கேன் சார், 85 டிகிரி காட்டுது" என்றாள் மாணவி.

புரோகிராமை நாற்பது தடவை ஓட்டிவிட்டாள். மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய் வேறு சென்சாரும் வாங்கி வந்துவிட்டாள். அதுவும் 85! ஒரு பொத்தானில் திரும்ப ஓட்ட முடிகிறது என்பது பெரிய வரம். யோசிப்பதைத் தள்ளிப்போடவும் அதுவே பழக்குகிறது என்பதுதான் என் கவலை.

டேட்டாஷீட்டைத் திறந்து உட்கார்ந்தோம். டிஎஸ்18பி20 என்ற அந்தச் சென்சார், மின்சாரம் வந்ததும் அளப்பதற்கு முன்னால் வைத்திருக்கும் எண்ணே 85தான். சரியாக அளந்து முடிக்க 750 மில்லிநொடி வரை வேண்டும். அவள் புரோகிராம் அதற்குள் படித்துவிட்டுச் சென்சாரை அணைத்துக்கொண்டிருந்தது.

காத்திருக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தாள். திரையில் 31.5 வந்தது. நோட்டை எடுத்து 750 என்று பென்சிலால் எழுதி, சுற்றி வட்டம் போட்டாள்.