விசைப்பலகையின் குறை எங்கே?

மாணவர்களே! மடிக்கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின்னர், விசைப்பலகை சில வேளைகளில் தாறுமாறாக இயங்கும். உடனே அது பழுதாகிவிட்டதென எண்ணி, வீண்செலவு செய்தல் கூடாது.

முதலில், இயங்குதளம் தொடங்குமுன் தோன்றும் பயாஸ் திரையில் விசைகளை அழுத்திப் பாருங்கள். அங்கும் அவை இயங்காவிடின், பழுது பெரும்பாலும் கருவியில் உள்ளது. இயங்கினால், குறை மென்பொருளைச் சார்ந்ததாகும்.

ஷிப்ட் விசையுடன் 2-ஐ அழுத்தும்போது '@' குறிக்குப் பதிலாக மேற்கோள்குறி தோன்றுகிறதா? அமெரிக்க விசையமைப்புக்குப் பதிலாகப் பிரிட்டிஷ் விசையமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். மொழி அமைப்புப் பகுதியில் அதனை மாற்றினால் போதும். சில மடிக்கணினிகளில் எழுத்துகளுக்குப் பதிலாக எண்கள் தோன்றும். அப்போது நம் லாக் விசையை அணைத்திடுக.

காரணத்தை ஆராய்ந்தறிந்த பின்னரே கருவியைக் குறை கூறுதல் அறிவுடைமையாகும்.