கோப்பை கழுவிய காலமும் பெர்மிட் காலமும்

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். அந்தக் காலத்தில் மொன்றியல் வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு ஊரில் கடனாக வட்டியோடு நின்றது. அதை அடைக்கக் கோப்பை கழுவினார்கள், தையல் பக்டரிகளில் நின்றார்கள். கியூபெக்கின் குறைந்தபட்சச் சம்பளம் அந்த ஒக்டோபரில் மணிக்கு 4.35 டொலர். அது தெரியாதவனுக்கு முதலாளி நீட்டியதுதான் சம்பளம். கைக்காசுக்குச் சம்பளத் துண்டும் கிடையாது, கேட்கப் பிரெஞ்சும் வராது. ஆனாலும் வேலை அனுமதி கிடைத்தவனுக்கு ஒரு வழி இருந்தது: சரிவராவிட்டால் அடுத்த தெருவில் வேலை தேடலாம்.

இன்று சட்டம் வளர்ந்திருக்கிறது. 2025 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 16.10 டொலர் ஆனது. 2020 ஜனவரி முதல் ஆள்சேர்க்கும் ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயம். தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் காசு வாங்கக் கூடாது, பாஸ்போட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. ஏஜென்சி சம்பளத்தை விழுங்கினால் வேலை வாங்கிய கொம்பனியும் பொறுப்பு.

இருந்தும் விடியுமுன் மெட்ரோ வாசலில் ஏஜென்சி வான் வந்து நிற்கிறது. யாருடைய பண்டகசாலைக்குப் போகிறோம் என்பதே ஏறுகிறவனுக்குச் சில வேளை தெரியாது. வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறவன் பாடு இன்னும் மோசம். அவனுடைய பெர்மிட்டில் ஒரே முதலாளியின் பெயர். சம்பளம் கேட்டு வேலை போனால் புதிய அனுமதி இல்லாமல் வேறிடத்தில் உழைக்க முடியாது. ஊர்க்கடனோ நிற்கிறது. எந்த முதலாளியிடமும் உழைக்கவிடும் திறந்த பெர்மிட் 2019இல் வந்தது; ஆனால் கொடுமைக்கு ஆளானதையோ ஆளாகும் ஆபத்தையோ காட்டினால்தான் அது கிடைக்கும். 2023இல் கனடாவுக்கு வந்துபோன ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபோகாட்டா, இந்தத் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டம் நவீன அடிமைத்தனத்தின் விளைநிலம் என்றார். ஒரே முதலாளியோடு கட்டும் மூடிய பெர்மிட்டுக்கு எதிரான கூட்டு வழக்கைக் கியூபெக் உயர் நீதிமன்றம் 2024 செப்டெம்பரில் அனுமதித்தது.

அன்று சட்டம் தெரியாமல் ஏமாந்தோம். இன்று சட்டம் தெரிந்தும் வாய் திறக்க முடியாதபடி பெர்மிட் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழாமல் எந்த உரிமமும் முழுப் பயன் தராது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. உழைத்த மணியை அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். பாக்கிச் சம்பளத்துக்கு ஒரு வருடத்துக்குள் கியூபெக் தொழில் ஆணையத்திடம் முறையிடுங்கள், கட்டணம் இல்லை. அன்று கோப்பை கழுவி இன்று கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் சமையலறையில் நிற்பவருக்குச் சம்பளத் துண்டு கொடுங்கள்.