கால் மணி மிச்சம். 591 மணி லாபம்!
காசு வாங்காத இழுவை லாரி

நடு ரோட்டில் கார் நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக வண்டிகள். ஒரே ஹாரன் சத்தம்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நெடுஞ்சாலையில் இப்படி நடந்தால், சுற்றிக்கொண்டே இருக்கும் இழுவை லாரி ஒன்று வந்து நிற்கும்.

பஞ்சரா? சக்கரத்தை மாற்றிக் கொடுப்பார் டிரைவர். பெட்ரோல் தீர்ந்ததா? ஒரு காலன் ஊற்றுவார். பேட்டரி படுத்துவிட்டதா? உயிர் கொடுப்பார். எதுவும் சரிப்படாவிட்டால், காரைக் கட்டி இழுத்து, பத்திரமான இடத்தில் விடுவார்.

கூலி? ஒரு காசு கிடையாது. 1991-ம் ஆண்டில் இருந்து இந்த ஏற்பாடு. செலவு சர்க்காருடையது.

சர்க்காருக்கு என்ன லாபம்?

"ஊரார் காருக்கு சர்க்கார் ஏன் சக்கரம் மாட்டணும்?" என்று கேட்கத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

ஒரு திசையில் 3 தடம். மணிக்கு 6 ஆயிரம் கார் போகலாம். ஒரு தடம் அடைத்தால் 4 ஆயிரம் போகும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை! தடம் மாறுகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். 49 சதவீதம்தான் போகும் என்கிறது அமெரிக்க என்ஜினீயர்களின் கையேடு. அதாவது 2,940 கார்.

மணிக்கு 5 ஆயிரம் கார் வருவதாக வைத்துக்கொள்வோம். அரை மணி அடைத்தால் 1,030 கார் தேங்கும். வழி திறந்த பிறகும், கூட்டம் கலைய ஒரு மணிக்கு மேல் ஆகும். எல்லோருடைய தாமதத்தையும் கூட்டினால், 788 மணி நேரம் பாழ்!

கால் மணியில் காரை அகற்றினால்? நஷ்டம் பாதி என்பீர்கள். தப்பு! 197 மணிதான். நாலில் ஒரு பங்கு! தேங்கும் காரும் பாதி, காத்திருக்கும் நேரமும் பாதி. அதனால்தான்.

மிச்சம் 591 மணி. அத்தனை நேரம் என்ஜின் ஓடும் பெட்ரோலும் மிச்சம்.

நேரில் சோதனை

ஏட்டுக் கணக்கு போதுமா? 1993-ல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார், அதே மாநிலத்தில் ஹேவர்டு நகர் அருகே ஒரு நெடுஞ்சாலையில் இறங்கினார்கள். இழுவை லாரி வருவதற்கு முன்பு சில வாரம், வந்த பிறகு சில வாரம், கார்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி நெரிசலை அளந்தார்கள்.

எண்ணுவதற்குக் கஷ்டமான லாபம் ஒன்று உண்டு. நிற்கும் வரிசையின் வாலில், வேகமாக வரும் வண்டி மோதுவது வழக்கம். ரோடு சீக்கிரம் திறந்தால் அந்த இரண்டாவது விபத்து நடக்காது.

அதில் பிழைத்தவர் யார்? அது அவருக்கே தெரியாதே!