பூவைக் கேட்டால் மனசு தெரியும்!

 

"சங்கப் பாட்டா? மனப்பாடம் பண்ணி எழுதிட்டா மார்க் வந்துரும், அர்த்தம் எதுக்குடா?" என்று நம்ம வகுப்பில் அடிக்கடி கேட்கிறேன். அர்த்தம் புரிய நான் வைத்திருக்கும் சுலபமான வழியை இங்கே சொல்கிறேன்.

பாட்டைத் திறந்ததும் ஆளைத் தேடாதீங்க. எந்த இடம், எந்த நேரம் என்று பாருங்க. தொல்காப்பியம் இதை முதற்பொருள் என்கிறது. அடுத்து அங்குள்ள பூ, மரம், பறவை, விலங்கு, தொழில். இவை கருப்பொருள். இரண்டும் பிடிபட்டால் மனசு, அதாவது உரிப்பொருள், தானாக விளங்கும்.

முல்லைத் திணையை எடுத்துக்கொள்வோம். பொழுது, கார்கால மாலை. உரிப்பொருள், காத்திருத்தல். ஏன் அப்படி? கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போருக்குப் போனவன் தலைவன். அப்போ காலண்டர் ஏது? முல்லை பூத்தால் அதுதான் தேதி! பூ வந்துருச்சு, ஆள் வரலை. தலைவி கலங்கினாள் என்று புலவர் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

குறுந்தொகையில் ஒரு புலவருக்கு இயற்பெயரே தெரியாது. அன்பில் கலந்த இரு நெஞ்சங்களைச் செம்மண்ணில் கலந்த மழைநீருக்கு ஒப்பிட்டார். அந்த உவமையே பெயராகி, செம்புலப்பெயனீரார் ஆனார். நம்ம ஊர்ச் செம்மண் காட்டில் மழை பெய்ததும் தண்ணி சிவப்பா ஓடுதே, அதைப் பாருங்க. மண்ணையும் நீரையும் பிரிக்க முடியுமா?

ஐந்திணையில் நெய்தலுக்கு உரிய கடல் மட்டும்தான் நம்ம மாவட்டத்தில் இல்லை. சிறுமலையும் கொடைக்கானலும் குறிஞ்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சிப்பூ 2018-ல் கொடைக்கானலில் பூத்தது. பழனிப் பக்கத்து நெல்வயல் மருதம். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் முல்லையே மணக்குது!

ஆனால் எனக்கு ஒரு கவலை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைச் சொல்கிறார். அவற்றில் முதலில் வருவது செங்காந்தள். தலைவியின் விரலுக்குப் புலவர்கள் சொல்லும் உவமை அதுதான். ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிர் செய்யும் கண்வலிக்கிழங்கின் பூவும் இதேதான்! நம்ம மாநில மலரும் இதுவே. தோட்டத்தில் தினமும் பார்ப்பவனுக்கு அது பாட்டில் இருப்பது தெரியலை. பாட்டைப் படிப்பவனுக்குச் செடி தெரியலை. செடியின் பெயர் மறந்துபோனால் பாட்டும் ஊமையாகிவிடும் அல்லவா?

அதனால் அடுத்த செய்யுள் நடத்தும்போது அதில் வரும் பூ ஒன்றை நேரில் தேடிப் பாருங்க. தெரியலைன்னா வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் கேளுங்க. மார்க்கும் வரும், மனசும் நிறையும்!