பதினாறு என்னும் எண்



மணமக்களைப் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள். பதினாறு பிள்ளைகள் என்று அதற்குப் பொருளல்ல. பதினாறு வகைப் பேறுகள் என்பதே பொருள். இன்று நாம் சிந்திக்கப்போவது, கடைத்தெருவில் நெடுங்காலம் ஆட்சி செய்த பதினாறைப் பற்றி.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முன்பு மீனும் காய்கறியும் 'கட்டி' என்ற நிறையில் விற்றன. 16 தாயில் ஒரு கட்டி; 100 கட்டி ஒரு பிக்குல். தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கும் இது பழகிய கணக்கு. தமிழ்நாட்டிலோ 16 அணா ஒரு ரூபாய். சீனரும் நம்மவரும் எதற்காகப் பதினாறைப் பிடித்துக்கொண்டார்கள்?

காரணம் தராசில் இருக்கிறது. எடைக்கல் இல்லாவிட்டாலும், ஒரு பொருளை இரு தட்டிலும் சமமாக நிறுத்திப் பாதியாக்கலாம். பாதியை மறுபடி பாதியாக்கலாம். 16-ஐப் பாதியாக்கினால் 8, பிறகு 4, பிறகு 2, கடைசியில் 1. எங்கும் மிச்சம் விழாது. 100-ஐ அப்படிச் செய்து பாருங்கள்: 50, 25, அடுத்தது பன்னிரண்டரை. மூன்றாவது படியிலேயே முழு எண் உடைந்துவிட்டது!

நம் தமிழ்க் கணக்கிலும் இந்தப் படிகளுக்குப் பெயர் உண்டு: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. ஆகவே தாயில் என்பது கட்டியின் வீசம். அணா என்பது ரூபாயின் வீசம்.

இன்னொரு வசதியும் உண்டு. 1, 2, 4, 8 தாயில் என நான்கே எடைக்கற்கள் இருந்தால், 1 முதல் 15 தாயில் வரை எதையும் நிறுக்கலாம். 11 தாயிலுக்கு 8, 2, 1. மற்றவற்றைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

பதினாறு புளியங்கொட்டைகளை வரிசைக்கு நான்காக அடுக்குங்கள், சதுரம் கிடைக்கும். 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களைக் கூட்டினாலும் 16. நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் 16. இரண்டு நான்குகளைப் பெருக்கினாலும் 16. வெவ்வேறான இரண்டு முழு எண்களை இப்படி இடம் மாற்றியும் ஒரே விடை வருவது, 1 முதலான எண்களில், 2, 4 என்ற இந்த ஒரு சோடிக்கு மட்டுமே. மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8. இரண்டு மூன்றுகளைப் பெருக்கினால் 9. பொருந்தவில்லை அல்லவா?

பிறகு காலம் மாறியது. இந்தியாவில் 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு 100 காசு என்றாயிற்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1970-களில் மெட்ரிக் முறை பரவத் தொடங்கியது. தாளில் எழுதிக் கணக்கிடப் பத்தும் நூறும்தான் எளிது.

ஆனாலும் பழைய கணக்கை அறிந்தவர் ஏமாறமாட்டார். ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். ஆகவே கட்டி 3 வெள்ளி விலையுள்ள மீன், கிலோ 5 வெள்ளிக்கு வந்தால் விலை ஏறவில்லை. 6 வெள்ளி என்றால் ஏறிவிட்டது. அரைக் கிலோவை ஒரு கட்டி என்று கொடுத்தால், நூறு கிராமுக்கு மேல் நமக்கு இழப்பு.

கூலியைக் காசு காசாக எண்ணிச் செலவிடும் வீட்டில், கணக்கறிவும் அந்தப் பதினாறு பேறுகளுக்கு நிகரான செல்வமே.