டயர் சுட்டுத்துண்டு சொல்வதும் சொல்லாததும்

மோட்டார் கார் ஒன்று வீதியைத் தொடுவது நான்கே இடங்களில்தான். அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினவே. பிரேக்கின் வலிமையும் சாரதியின் திறமையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் ஊடாகவே வீதியைச் சென்றடைய வேண்டியிருக்கின்றது. ஆயினும், வாகனம் வாங்குவதற்கு மாதக்கணக்கில் விசாரிக்கும் நாம், டயர் வாங்கும்போது அளவையும் விலையையும் மாத்திரம் கேட்டுவிட்டுப் பணத்தைச் செலுத்திவிடுகின்றோம். ஐரோப்பியச் சந்தையை நோக்கித் தயாரிக்கப்பட்ட டயர்களில் ஒட்டப்பட்டிருக்கும் வர்ணச் சுட்டுத்துண்டு எமது கடைகளிலும் சில வேளைகளில் கண்ணிற்படுவதுண்டு. பலர் அதனை விளம்பரத் தாள் எனக் கருதிக் கிழித்தெறிந்து விடுகின்றனர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டில் இயற்றிய ஒழுங்குவிதியின் கீழ், 2012 நவம்பர் முதல் இச்சுட்டுத்துண்டு அங்கு கட்டாயமாக்கப்பட்டது. 2021 மே முதல் புதிய வடிவம் நடைமுறைக்கு வந்தது. முன்னர் 'ஏ' முதல் 'ஜி' வரையிருந்த வகுப்புகள் 'ஏ' முதல் 'ஈ' வரையாகச் சுருக்கப்பட்டன. கையடக்கத் தொலைபேசியால் வாசிக்கக்கூடிய கியூ.ஆர். குறியீடு ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதன் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுத்தளத்தில் அந்த டயரின் விபரங்களை எவரும் எங்கிருந்தும் பார்வையிட முடியும்.

சுட்டுத்துண்டிலுள்ள குறிகளுள் எம்மைப் பொறுத்தவரை முதன்மையானது மழை மேகத்துடன் கூடிய டயரின் படமாகும். இது ஈரமான வீதியில் டயர் கொண்டிருக்கும் பிடிப்பைக் குறிக்கின்றது. நனைந்த தளத்தில் 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் காரைப் பிரேக் பிடித்து, நியமமான ஒப்பீட்டு டயர் ஒன்றுடன் ஒப்பிட்டே இந்த எழுத்து வழங்கப்படுகின்றது. அந்த வேகத்தில் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே 3 முதல் 6 மீற்றர் வரை வேறுபாடு உண்டு. 'ஏ' வகுப்பு டயர்கள் நான்கையும் கடைசி வகுப்பு டயர்கள் நான்கையும் ஒப்பிட்டால், வேறுபாடு 18 மீற்றரை எட்டலாம். சிறிய கார்கள் நான்கை வரிசையாக நிறுத்தினாலும் அத்தூரம் நிரம்பாது.

இதனை வேறுவிதமாகவும் நோக்கலாம். நிறுத்தும் தூரம் 30 சதவீதத்தால் வேறுபடுமாயின், எளிய பௌதிகக் கணக்கின்படி, முதலாவது கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் 40 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் கடந்து கொண்டிருக்கும். அந்த இடத்தில் பாடசாலைப் பிள்ளையொன்று வீதியைக் கடக்குமாயின், அந்த ஓர் எழுத்தின் பெறுமதி விளங்கும்.

எரிபொருள் நிரப்பும் படம் உருளல் தடையைக் காட்டுகின்றது. டயர் சுழலும்போது இறப்பர் நசிந்து மீண்டும் விரிகின்றது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு சக்தி வெப்பமாக வீணாகின்றது. முதல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் இடையே எரிபொருட் செலவில் 7.5 சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாமென ஐரோப்பிய ஆணைக்குழு கூறியது. பெற்றோலின் விலையை நினைத்தவுடன் எமது கண் இயல்பாகவே இந்த எழுத்தின் மீதுதான் செல்லும். ஆனால் இங்கு ஒரு சிக்கல் உண்டு. ஈர வீதியைப் பற்றிப் பிடிப்பதற்கும் இறப்பரின் இதே நசியும் தன்மைதான் உதவுகின்றது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்ற நிலையே நீண்ட காலம் நிலவியது. 1992இல் மிச்செலின் நிறுவனம், கரித்தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்த 'பச்சை டயரை' அறிமுகப்படுத்திய பின்னரே இம்முரண்பாடு பெருமளவு தளர்ந்தது. இரு எழுத்துகளும் உயர்வாகவுள்ள டயரின் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இரண்டில் ஒன்றையே தெரிவு செய்ய வேண்டிய நிலையில், மழை எழுத்தைத் தெரிவு செய்வதே தகும் என்பது எமது கருத்து. எரிபொருள் எழுத்து தரும் மிச்சத்தின் ஒரு பகுதியையாவது, மாதமொரு முறை காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதன் மூலம் செலவின்றியே பெற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது குறி, வாகனத்திற்கு வெளியே எழும் ஒலியை டெசிபெல்லில் தருகின்றது. காருக்குள் கேட்கும் இரைச்சலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. பனிமலைக் குறியும் பனிக்கட்டிக் குறியும் எமக்கு வேண்டாதவை. ஆனால் ஜப்பானின் குளிர்ப் பிரதேசங்களில் ஓடிய கார்களுடன் வரக்கூடிய குளிர்காலத் டயர்களை அடையாளம் காண்பதற்கு மலைக் குறி உதவும். அவற்றின் மென்மையான இறப்பர் எமது வெயிலில் விரைவாகத் தேய்ந்துவிடும்.

சுட்டுத்துண்டு சொல்லாதவையும் பல. இந்த எழுத்துகள் புதிய டயருக்கே உரியவை. அவற்றை அறிவிப்பது உற்பத்தியாளரே. அதிகாரிகள் பின்னர் பரிசோதிக்கலாம். டயர் எத்தனை கிலோமீற்றர் உழைக்கும் என்பது அதில் இல்லை. ஈரப் பரிசோதனையில் வீதியின் மீதுள்ள நீர்ப்படலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் மாத்திரமே. மார்கழி மழையில் வெள்ளம் தேங்கிய வீதியில் டயர் நீரின் மீது மிதந்து வழுக்குமா என்பதை அந்த எழுத்து கூறாது. அதனைத் தீர்மானிப்பவை தவாளிப்பின் ஆழம், காற்றழுத்தம், வேகம் ஆகியனவாகும். புதிய கார் டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இருக்கும் இந்த ஆழம், ஐரோப்பியச் சட்டத்தின்படி 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. 3 மில்லிமீற்றரை நெருங்கும்போதே நீரை வெளியேற்றும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடும்.

சுட்டுத்துண்டு கிழிக்கப்பட்டிருந்தால் டயரின் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும். 'டொட்' என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியின் இறுதி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் திகதியைத் தருகின்றன. 1822 என்றிருந்தால், அது 2022ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டதாகும். அமெரிக்கச் சந்தைக்கும் உரிய டயர்களில் தேய்மானம், ஈரப்பிடிப்பு, வெப்பந் தாங்கும் தன்மை என்ற மூன்று தரங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஈரப்பிடிப்பு இரட்டை 'ஏ' முதல் 'சி' வரையும், வெப்பம் 'ஏ' முதல் 'சி' வரையும் அமையும். பெருநாளுக்கோ பொங்கலுக்கோ குடும்பத்தினர் அனைவரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு, கொழும்பிலிருந்து கல்முனைக்கோ யாழ்ப்பாணத்திற்கோ உச்சி வெயிலில் புறப்படுவோர் அந்த வெப்ப எழுத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. 'சி' என்பது அங்கு அனுமதிக்கப்பட்ட ஆகக் குறைந்த தரமாகும். தேய்மான இலக்கத்தை ஒரே நிறுவனத்தின் டயர்களிடையே ஒப்பிடலாமேயன்றி, வெவ்வேறு நிறுவனங்களின் இலக்கங்களை ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை.

நான்கு டயர்களையும் ஒரே தடவையில் மாற்றுவது பலருக்கு இயலாத காரியம். இரண்டு மாத்திரம் வாங்கும்போது புதியவற்றை முன்சில்லுகளில் பூட்டுவதே வழக்கமாக இருக்கின்றது. ஆனால் பிரதான டயர் உற்பத்தியாளர்களின் அறிவுரையோ இதற்கு நேர்மாறானது. தேய்ந்த டயர்கள் பின்புறம் இருந்தால், ஈர வளைவில் காரின் பின்பகுதி வழுக்கிச் சுழன்றுவிடக்கூடும். சாதாரண சாரதியால் அதனை மீட்டெடுப்பது கடினம். எனவே புதிய இரண்டையும் பின்சில்லுகளில் பூட்டுமாறு கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.