பையர் கையில் கார்டு, டீக்கடையில் க்யூஆர்

திருப்பூருக்கு விமான நிலையம் இல்லாததுதான் ஆடை ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர்களுக்குப் பெரிய தொல்லை என்று ஊரில் பலரும் சொல்வதுண்டு. ஐரோப்பாவிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் கிடையாது என்பது உண்மைதான்; சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ மாறித்தான் வர வேண்டும். ஆனால் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் இறங்கிவிட்டால் திருப்பூர் 50 கிலோமீட்டருக்குள்தான். கம்பெனி கார் அனுப்பினால் அந்தக் கவலை விட்டது. காரிலிருந்து இறங்கிய பிறகு வருவதுதான் தீராத சிக்கல். டீக்கடைப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை நம் போன் உடனே படிக்கும். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவரிடம் இருக்கும் வெளிநாட்டு கார்டு அங்கே வெறும் பிளாஸ்டிக். ஆட்டோக்காரரிடமும் அதே கதை.

இதற்காகவே ஜி20 மாநாடு நடந்த 2023இல் ‘யுபிஐ ஒன் வேர்ல்டு’ வந்ததே என்று கேட்கலாம். பாஸ்போர்ட், விசா காட்டிப் பணம் ஏற்றிக்கொள்ளும் வாலட் அது, நல்ல ஏற்பாடுதான். அப்படி ஒன்று இருப்பதை வருகிறவருக்கு யார் சொல்வது? பையிங் ஏஜென்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்பது அடுத்த வாதம். பெரிய பிராண்டுக்கு அது பொருந்தும். 500 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுக்கலாமா என்று தனியாக வந்து பார்க்கும் சிறு வியாபாரிக்கு ஏது ஏஜென்ட்? ஆர்டர் விசாரிக்கும் மெயிலுக்குப் பதில் போடும்போதே பணம், சிம் கார்டு, தங்குமிடம் பற்றி ஒரு பக்கக் குறிப்பையும் ஏற்றுமதியாளர் சேர்த்து அனுப்பலாம். செலவில்லாத வேலை.